நாலும் அஞ்சும் ஒரே அறை: பதினொன்றரைக்கு மேல் பிள்ளைகளின் கவனம் எங்கே போகிறது?

தேயிலை_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்பில் 11 பேர், ஐந்தாம் வகுப்பில் 12 பேர். இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியை. அறை 20-க்கு 20 அடி, தகரக் கூரை, உள்கூரை கிடையாது. குளிருக்குப் பயந்து ஜன்னல்கள் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகு பேசுகிறவர்கள், மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், இரண்டு பேருக்கு வீட்டுமொழி இருளர் மொழி.

காலையில் முதல் இரண்டு பாடவேளை ஒழுங்காகப் போகிறது. பதினொன்றரைக்கு மேல் கொட்டாவி, பேச்சு, பென்சில் சீவல். "வயதை மூன்றால் பெருக்கினால் வருகிற நிமிடம்தான் ஒரு குழந்தையின் கவனம்" என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். ஒன்பது வயதுக்கு 27 நிமிடம். இது சரிதானா?

"நோட்டை எடுங்க, 42-ஆம் பக்கம், மூணாவது கணக்கை மட்டும் போடுங்க, முடிச்சவங்க அஞ்சாவதைப் பாருங்க" என்றால் பாதிப் பேர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

நாலாம் வகுப்பில் ஒரு பையன், கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்பவே மாட்டான். ஒரு பெண், எழுதிக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்று எங்கோ பார்ப்பாள். இரண்டு வீட்டிலும் "ஏடிஎச்டியா டீச்சர்?" (கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது, எதை முதலில் பார்ப்பது?

குன்னூர்_சிறப்பாசிரியர் எழுதியது:

டீச்சர், அந்தப் பெருக்கல் சூத்திரத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஒன்பது வயதுப் பையன் கோலி ஆட்டத்தில் ஒரு மணி நேரம் ஊன்றி நிற்பான். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கில் மூன்று நிமிடம் தாங்க மாட்டான். கல்லூரி விரிவுரையில் 10–15 நிமிடம்தான் கவனம் நிற்கும் என்பதும் இப்படி வாய்வழி பரவிய ஒன்று. 2007-இல் வில்சன், கார்ன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மூல ஆய்வுகளைத் தேடிப் படித்துப் பார்த்து, அதற்கு வலுவான சான்று இல்லை என்று எழுதினார்கள்.

'கவனம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூளையில் ஒரே வேலை அல்ல. போஸ்னர், பீட்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விழிப்போடு இருப்பது, ஒன்றின் பக்கம் திரும்புவது, திரும்பிய பின் மற்றதை அடக்கிப் பிடித்து நிற்பது. வகுப்பில் மூன்றும் வேறு வேறு மாதிரி கெடும். விழிப்பு கெட்டால் கொட்டாவி, கன்னத்தில் கை. திரும்புவது கெட்டால் நீங்கள் கரும்பலகையைத் தட்டும்போது பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். பிடித்து நிற்பது கெட்டால் வேலையைத் தொடங்கும், நடுவில் விடும், பக்கத்து நோட்டில் வேறு படம் வரையும். முதல் வகைக்குத் தூக்கமும் காற்றும் பாருங்கள். இரண்டாவதற்கு அறையைப் பாருங்கள். மூன்றாவது வயதோடு மெல்ல வளர்வது. அதைச் செய்கிற முன்மூளைப் பகுதி இருபது வயது கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் "கவனி, கவனி" என்று சொல்வதால் அது வந்துவிடாது.

உங்கள் 42-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். இதில் கெடுவது கவனமே அல்ல, செயல் நினைவு, அதாவது ஒரு வேலை முடியும்வரை விஷயங்களை மனதில் பிடித்து வைக்கும் இடம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதில் ஒரே நேரத்தில் நிற்பவை ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதைச் சுருக்கி, பெரியவர்களுக்கே ஏறக்குறைய நான்கு என்றார். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. நீங்கள் சொன்னதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்: நோட்டு, 42, மூன்றாவது, 'மட்டும்', முடித்தவர்கள், ஐந்தாவது. ஆறு. பையில் நோட்டைத் தேடும்போதே பின்னால் இருக்கிற நான்கும் உதிர்ந்துவிடும். பிள்ளை கேட்கத்தான் கேட்டது. பிடித்து வைக்க இடமில்லை.

செய்ய வேண்டியது: "நோட்டை எடுங்க." நிறுத்துங்கள். 23 நோட்டும் மேசைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பிறகு கரும்பலகையின் வலது மேல் மூலையில் 42 / 3 என்று எழுதுங்கள். தினமும் அதே மூலை. இடம் மாறினால் தேடுவதற்கே கவனம் செலவாகும். "முடிச்சவங்க" என்ற வாக்கியத்தை முதல் ஆள் முடித்த பிறகு சொன்னால் போதும். பிறகு நடு வரிசையில் ஒரு பிள்ளையைத் "என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். முதல் மதிப்பெண் பிள்ளையைக் கேட்டால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. ஒரே கட்டளையை மூன்று முறை சொல்கிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். மூன்றாவது தடவை கேட்டால் போதும் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

இருளர் மொழி பேசும் இரண்டு பேருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. பாடத்தமிழ்ச் சொல்லைப் புரிந்துகொள்வதிலேயே பாதி இடம் போய்விடுகிறது. புதுப் பாடம் தொடங்கும்போது அவர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, இரண்டு நிமிடம் அவர்கள் மொழியிலேயே பேச விடுங்கள். படுகு பிள்ளைகளுக்கும் இதே.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் பலர் நினைப்பது போல ஓய்வான வேலை அல்ல. வாசிப்பு திடமில்லாத பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகத் தலை தூக்கிப் பார்க்கும். திரும்பக் குனியும்போது இடம் தவறும். பத்துச் சொல்லுக்கு முப்பது தடவை தலையைத் தூக்கினால் எந்தப் பிள்ளைக்கும் சோர்வுதான். "பார், முழுச் சொல்லையும் வாய்க்குள் சொல், பார்க்காமல் எழுது, பிறகு சரிபார்" என்று பழக்குங்கள். முதல் வாரம் மெதுவாகத்தான் இருக்கும்.

பெயர் வைப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். மூன்று பிள்ளைகள்: நீங்கள் சொன்ன இருவர், கூடவே சராசரியாகப் படிக்கும் ஒருவர். அந்த மூன்றாமவர் இல்லாவிட்டால் கணக்கே வீண், ஏனென்றால் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் பராக்குப் பார்க்கும். இருபது நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பார்வை. வேலையில் இருந்தால் கோடு, இல்லையென்றால் சுழி. பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்ய வராது, பிள்ளைகள் தனியாக எழுதும் நேரத்தில் செய்யுங்கள். ஐந்து நாள், வெவ்வேறு வேளை. மூவருக்கும் ஒரே நேரத்தில் சுழி விழுந்தால் கோளாறு அறையில் அல்லது பாடத்தில். ஒருவருக்கு மட்டும், அதுவும் வாசிக்கிற வேலையில் மட்டும் விழுந்தால் வாசிப்பைச் சோதியுங்கள். எல்லா வேளையிலும் ஒருவருக்கே விழுந்தால் மருத்துவரிடம் அனுப்பும் பேச்சு.

ஏடிஎச்டி என்று சொல்ல 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) கேட்பவை: கவனக் குறைவு அறிகுறிகள் ஒன்பதில் குறைந்தது ஆறு, அல்லது துறுதுறுப்பு அறிகுறிகள் ஒன்பதில் குறைந்தது ஆறு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு இடங்களில், அதாவது வீட்டிலும் பள்ளியிலும், தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் முதலில் பள்ளியைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெற்றோரிடம் "தெரியாது, பார்க்கிறோம், எழுதி வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெயரை ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டால் பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

கூரைக்_கணக்கு எழுதியது:

கட்டடக்காரன் பார்வையில் இரண்டு விஷயம்.

காற்று. 400 சதுர அடி, சராசரி 10 அடி உயரம் என்றால் 4000 கன அடி, அதாவது சுமார் 113 கன மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறக்குறைய 14 லிட்டர் கரியமில வாயு விடும். 23 பிள்ளை, ஓர் ஆசிரியை: மணிக்கு 340 லிட்டர். காற்றே புகாமல் அடைத்தால் அந்த அறையில் மணிக்கு 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420-க்குப் பக்கம். அப்படியானால் பன்னிரண்டு நிமிடத்தில் 1000-ஐத் தொட்டுவிடும். தகரத்து இடுக்கு, கதவு இடுக்கு எல்லாம் இருப்பதால் உண்மையில் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒன்பதரைக்குச் சாத்திய ஜன்னல் பதினொன்றரை வரை திறக்கவில்லை என்றால் உங்கள் கொட்டாவிக்கு வேறு காரணம் தேட வேண்டாம். 2012-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் பெரியவர்களை 600, 1000, 2500 பிபிஎம்மில் உட்கார வைத்து முடிவெடுக்கும் சோதனை வைத்தார்கள். 2500-இல் மதிப்பெண் கடுமையாக விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு காட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு முட்டிய அறை தூக்கம் வரவைக்கும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

எதிரெதிர் ஜன்னல்களின் மேல் கதவை மட்டும் இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள். கீழ்க் கதவைத் திறந்தால் குளிர்காற்று பிள்ளைகள் மேல் நேராக அடிக்கும், அடுத்த நிமிடமே யாராவது சாத்திவிடுவார்கள். இடைவேளையில் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடுங்கள். போவது காற்றின் சூடுதான், சுவரின் சூடு தங்கும். மூடியதும் அறை சீக்கிரமே பழைய நிலைக்கு வரும்.

மழை. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. பேச்சு அதைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். சாதாரணக் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 60–65. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்த பிள்ளைக்கு நேரே வந்து சேர்வது 50 சொச்சம், சுவரில் பட்டுத் திரும்புவது கொஞ்சம் சேரும். உள்கூரை இல்லாத தகரத்தில் கொட்டும் மழை 70-ஐத் தாண்டுவது சாதாரணம். இந்தப் போட்டியில் தொண்டை ஜெயிக்காது. மழை வலுத்தால் வாய்ப்பாடத்தை நிறுத்திவிட்டு எழுத்து வேலை, மௌன வாசிப்பு, வரைபடம் என்று மாறிவிடுங்கள். அதற்கென்று பத்து வேலைத்தாள் தனிக் கோப்பில் தயாராக இருக்கட்டும்.

ஆண்டுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்கலாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர்–நவம்பரில். வாயால் நடத்த வேண்டிய கனமான பாடங்களை ஜூன் முதல் செப்டம்பருக்குள் இழுத்துவிடுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நேர் எதிர், அவர்களுக்கு ஜூன், ஜூலையில்தான் கூரை கத்தும். மாநிலம் முழுக்க ஒரே பாட அட்டவணை போடுகிறவர்களுக்கு இது தோன்றாது.

முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். தெர்மோகோலும் வேண்டாம். இரண்டும் சத்தத்தை விழுங்காது, தீப்பிடித்தால் ஆபத்து. தகரத்துக்கு மேல் பாய் போட்டால் நீர் தங்கித் துருப்பிடிக்கும். நிதி கிடைத்தால் தகரத்துக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு உள்கூரை, அதன் மேல் கனிமக் கம்பளி (சத்தம் விழுங்கும் இழைப்பஞ்சு). இதற்கு உருப்படியான முன்னுதாரணம் உண்டு: 1975-இல் நியூயார்க்கில் ரயில் பாதை ஓரப் பள்ளி ஒன்றில், சத்தப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குள் வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தில் ரப்பர் திண்டும் வகுப்பில் ஒலி விழுங்கும் உள்கூரையும் வைத்த பிறகு அந்த வித்தியாசம் போய்விட்டது.

காதோரம் எழுதியது:

செவித்திறன் சோதிப்பது தொழில். "சில நாள் திரும்புவான், சில நாள் மாட்டான்" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது நடுக்காதில் நீர். சளி, மூக்கடைப்புக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்கும் திறன் 20–30 டெசிபல் அளவுக்கு மங்கும். சளி ஏறி இறங்குவது போல இதுவும் ஏறி இறங்கும். நேற்று கேட்டவன் இன்று கேட்காததால் 'திமிர்' என்று பெயர் வாங்குவான். மழையும் பனியும் மாறி மாறி வரும் ஊரில் இதை ஒதுக்கவே கூடாது.

பள்ளியிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். மழையில்லாத, மற்றப் பிள்ளைகள் வெளியே போன நேரம். பையன் முதுகைக் காட்டி நிற்கட்டும், நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாக, இடையில் ஒழுங்கில்லாத இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேட்டதும் அவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே தாளத்தில் சொன்னால் கேட்காமலே ஊகித்துவிடுவான், அதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டாவது தவறு, ஸ் என்பதை 'ஸு' என்று சொல்வது. உயிரொலி சேர்ந்தால் சோதனை கெட்டுவிடும். எந்த ஒலி விட்டுப்போகிறது என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. எல்லாம் சரியாகச் சொன்னாலும் லேசான குறை இல்லை என்று ஆகாது, ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாக இருந்தாலும் இதில் தெரியாது. முறையான கேட்பொலிச் சோதனைக்கு இது மாற்று இல்லை.

இப்படித் தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கத்தை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். நீர் இருப்பது செவிப்பறைக்கு உள்ளே, எண்ணெய் அங்கே போகவே போகாது.

அதுவரை அவனை முன்னால், உங்கள் முகம் தெரியும்படி உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசாதீர்கள்.

பூம்பாறை_பழைய_ஹெச்எம் எழுதியது:

டீச்சரம்மா, மேலே எல்லாரும் பெரிய விஷயம் சொல்லிட்டாங்க. நான் சுவரைப் பத்திப் பேசறேன். நம்ம வகுப்பறையிலே ஏபிஎல் (செயல்வழிக் கற்றல்) காலத்துலே பிள்ளைங்க வேலையைத் தொங்கவிடக் கட்டின கம்பிப் பந்தல் இன்னும் தொங்கும், அதுக்கு மேலே 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து அட்டை, அதுக்கு மேலே பண்டிகைக் காகிதப் பூ. அதிகாரி வந்தா 'அழகா இருக்கு'ம்பார். 2014-லே அமெரிக்காவிலே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே 24 மழலை வகுப்புப் பிள்ளைகளை வச்சுப் பார்த்திருக்காங்க. அதே ஆசிரியர், அதே மாதிரிப் பாடம், ஒரு நாள் சுவர் நிறைய அட்டை, ஒரு நாள் வெறுஞ்சுவர். அட்டை அறையிலே பாட நேரத்திலே 38.6 சதவீதம் பராக்கு, வெறுஞ்சுவரிலே 28.4. தேர்விலே சரியான விடை அட்டை அறையிலே 42 சதவீதம், வெறுஞ்சுவரிலே 55. கரும்பலகைச் சுவரைச் சுத்தமா காலி பண்ணுங்க. அட்டை எல்லாம் பிள்ளைங்க முதுகுக்குப் பின்னாடி. கம்பிப் பந்தலைக் கழட்டிடுங்க, காத்துலே ஆடறது எதுவா இருந்தாலும் கண்ணு தன்னாலே அங்கே போகும்.

அடுத்தது கேள்வி கேக்கற முறை. "முருகா, ஏழெட்டு எவ்வளவு?"ன்னா, 'முருகா'ன்ன உடனே மத்த 22 பேரும் மூளையை மூடிடுவாங்க. கேள்வியை முதல்லே போடுங்க, மனசுக்குள்ளே மூணு எண்ணுங்க, அப்புறம் பேரைச் சொல்லுங்க. மேரி பட் ரோ-ன்னு ஒரு அம்மா எழுபதுகள்லே அளந்து பார்த்தாங்க. கேட்ட ஒரு விநாடியிலேயே ஆசிரியர்கள் பதிலுக்குத் தாவிடறாங்களாம். மூணு விநாடி பொறுத்தா பதில் நீளமாவுது, 'தெரியாது' குறையுது. கணக்குக்கு சிலேட்டு எடுங்க: எல்லாரும் எழுதணும், 'தூக்கு'ன்னா ஒண்ணாத் தூக்கணும். ஒளிஞ்சுக்க இடமில்லே, ஒரே பார்வையிலே 23 பேர் நிலவரமும் தெரியும். பாடம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்திலேர்ந்து மூணு வரி எழுதச் சொல்றது திரும்பப் படிக்கிறதைவிட நிக்கும். ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-லே காட்டினது, நம்ம பழைய திண்ணைக்காரங்க எப்பவும் செஞ்சது.

வாய்ப்பாடு மனப்பாடம் வேணாம்ங்கிற கட்சிக்கு ஒண்ணு சொல்லணும். 47-ஐ 6-ஆலே பெருக்கும்போது 'ஆறேழு 42' தானா வரலேன்னா, பிள்ளை ஆறு ஏழைக் கூட்ட ஆரம்பிக்கும். கூட்டி முடிக்கிறதுக்குள்ளே மீதி 4-ஐ எங்கே வச்சோம்னு மறந்துடும். குன்னூர் சிறப்பாசிரியர் சொன்ன அந்த நாலு இடத்துலே மூணை வாய்ப்பாடே தின்னுட்டா கணக்குக்கு என்ன மிச்சம்? தினம் அஞ்சு நிமிஷம், கலைச்சுக் கலைச்சுக் கேட்டு. பாட்டு மாதிரி வரிசையாச் சொல்லிக்கிட்டே போறதை மட்டும் நம்பாதீங்க, நடுவிலே தட்டிக் கேட்டா விழுந்துடும்.

குன்னூர்_சிறப்பாசிரியர் எழுதியது:

ஹெச்எம் ஐயா சொன்ன அட்டை ஆய்வு சரியானது. ஆனால் 24 பேர், ஐந்து வயதுப் பிள்ளைகள், சில பாடங்கள். நாலாம் வகுப்புக்கு அப்படியே அதே எண் வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பார்த்துப் பயன்படுத்துகிற அட்டை, உதாரணமாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு உயிர்மெய் வரிசை, இருக்கட்டும். ஒரு மாதமாக யாரும் திரும்பிப் பார்க்காததை எடுத்துவிடலாம். கரும்பலகைச் சுவரைக் காலி செய்வதில் மாற்றுக் கருத்து இல்லை.

தேயிலை_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லிங் சோதனையில் பையனுக்கு ஸ், ம் இரண்டும் விட்டுப் போகின்றன. ஒரு வாரத்தில் மறுபடி பார்த்துவிட்டு அனுப்புகிறேன். மேல் ஜன்னல் இரண்டு பக்கமும் திறந்தாயிற்று.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம்: வாசித்துக்கொண்டே இருப்பாள், சொல்லின் நடுவில் நிற்பாள், கண் இமை லேசாகத் துடிக்கும். பத்து விநாடி இருக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்வாள். திட்டினால் ஏன் திட்டுகிறேன் என்றே அவளுக்குப் புரிவதில்லை. ஒரு நாளில் ஐந்தாறு முறை.

குழந்தைநலம்_உதகை எழுதியது:

டீச்சர், அவளைத் திட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது 'ஆப்சென்ஸ்' எனப்படும் ஒருவகை வலிப்பின் அசல் வர்ணனை. விழுவது, உதறுவது எதுவும் இல்லாததால் பராக்கு என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் நாலிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும். பகல் கனவிலிருந்து பிரித்தறிய வழி: தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பகல் கனவு தொட்டதும் கலையும். இது கலையாது, தானாக முடியும். பகல் கனவு சலிப்பான பாடத்தில் வரும். இது விளையாட்டின் நடுவிலும், சாப்பிடும்போதும், பேசும்போதும் வரும். நடந்த நேரம், எத்தனை விநாடி, இமை துடித்ததா, உதடு அசைந்ததா என்று ஒரு வாரம் எழுதுங்கள். பெற்றோர் சம்மதத்தோடு ஒன்றைப் போனில் படம் எடுத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும். வேகமாக மூச்சு விடச் சொன்னால் இது தூண்டப்படும். அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், பள்ளியில் முயல வேண்டாம். நோயறியும்வரை குளம், கிணறு, மரமேறுதல், தனியாகச் சாலை கடப்பது ஆகியவற்றில் மட்டும் ஆள் கூட இருக்கட்டும். ஓட்டம், விளையாட்டை நிறுத்த வேண்டாம்.

அனுப்பும் வழி: பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் உங்கள் குறிப்பைக் கொடுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அவர்கள் பொறுப்பு, குறையை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். அவர்கள் வரும் நாள் தள்ளியிருந்தால் இந்தப் பெண் விஷயத்தில் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு நேரே அனுப்புங்கள்.

பொதுவாக 23 பேருக்கும்: ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு பிள்ளையை மந்தமாக்கும், கவனத்தைக் கெடுக்கும். 5–11 வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் சோகை என்பது தரைமட்டத்துக்கான வரம்பு. மலையில் காற்றில் பிராணவாயு குறைவு, உடல் அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினை இயல்பாகவே கூட்டி வைத்திருக்கும். அதனால் கோத்தகிரி உயரத்தில் 11.8 என்று வந்த அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும் அது குறைவுதான். மருத்துவரிடம் "நாங்கள் மலையில் இருக்கிறோம், உயரத்துக்குத் திருத்திப் பாருங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

வாராந்திர இரும்பு மாத்திரை உங்கள் அறையில் இரண்டு நிறத்தில் இருக்க வேண்டும். 5–9 வயதுக்கு இளஞ்சிவப்பு, 10 முதல் நீலம். வகுப்பைப் பார்த்துக் கொடுக்காமல் வயதைப் பார்த்துக் கொடுங்கள், நாலு–அஞ்சாம் வகுப்பில்தான் இது குழம்பும். தேயிலை ஊரில் இன்னொரு சிக்கல்: சாப்பாட்டோடு டீ. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். காலையில் வர்க்கியும் டீயும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தால் பாதி வீண். சாப்பாடு, மாத்திரை இரண்டிலிருந்தும் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

பசியைப் பற்றி: அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து முழுமையாக இருக்கிறது. ஆனால் பஸ் தாமதமாக வரும் பிள்ளை அதைத் தவறவிடும். பதினொன்றரைக்குச் சோர்கிறவர்கள் அதே பஸ் பிள்ளைகள்தானா என்று பாருங்கள். தூக்கம்: 6–12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டிய வீட்டில் ஆறு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். இரவு பத்தரை வரை டிவி ஓடினால் ஏழரை மணி நேரம்தான் ஆகிறது.

தேயிலை_டீச்சர் எழுதியது:

பெண்ணின் வீட்டில் இன்று பேசினேன். நாளை குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போகிறார்கள், குறிப்புத்தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பஸ் பிள்ளைகள் நாலு பேர், நீங்கள் சொன்னது சரிதான்.

கடைசியாக ஒன்று. நாலாம் வகுப்புக்கு நடத்தும்போது ஐந்தாம் வகுப்பு அதையே வேடிக்கை பார்க்கிறது. கரும்பலகையைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன். வேறு வழி உண்டா?

பூம்பாறை_பழைய_ஹெச்எம் எழுதியது:

கோடு போட்டுப் பிரிக்கவே கூடாதும்மா. ரெண்டு வகுப்பும் ஒரே பக்கம் பார்த்தா உங்க வாயும் கையும் அசையற பக்கம்தான் எல்லாக் கண்ணும் வரும். எதிர்ச் சுவருலே கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும்லே, அதை அஞ்சாம் வகுப்புக்குக் குடுங்க. ரெண்டு கூட்டமும் முதுகோடு முதுகு. காது மந்தமான பையன் உங்க பக்கத்து முதல் வரிசை.

முதல்லே அஞ்சாம் வகுப்புக்கு வேலை குடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் நின்னு, எல்லாரும் தொடங்கினதைப் பார்த்துட்டுத்தான் நாலாம் வகுப்புக்குத் திரும்பணும். குடுக்கற வேலை நேத்து நடத்தினதா இருக்கணும், புதுசா இருக்கக் கூடாது. புதுசு குடுத்தா மூணாவது நிமிஷம் ஒருத்தன் எழுந்து வருவான், அவன் பின்னாடியே அஞ்சு பேர். குரலைத் தாழ்த்திப் பேசுங்க. நாலாம் வகுப்புக்கு மட்டும் கேட்டாப் போதும். பதினைஞ்சு நிமிஷத்துலே மாத்துங்க. மாத்தும்போது ரெண்டு கூட்டத்தையும் எழுப்பி, வெளியே நடந்துட்டு வரச் சொல்லுங்க, அந்த நேரத்துலே ஜன்னலைத் திறந்துடலாம்.